குறைந்த செலவில் போட்டோ எடிட்டிங் கணினி: ஏஐயிடம் யோசனை கேட்டு அசெம்பிள் செய்பவர்களுக்கான கேள்வி பதில்

கல்யாண போட்டோ எடுப்பவர்கள், சின்ன ஸ்டுடியோ நடத்துபவர்கள், ஆல்பம் டிசைன் செய்பவர்கள் ஆகியோருக்காக எழுதியது. மென்பொருள் லைட்ரூம் கிளாசிக், போட்டோஷாப் என்றும், கேமரா 24 மெகாபிக்சல் என்றும், படங்கள் ரா (கேமரா சென்சார் பதிவு செய்த மூலத் தகவல்) கோப்பு என்றும் வைத்துக்கொண்டு கணக்குகள் போடப்பட்டுள்ளன. ரூபாய்க் கணக்கை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம். ரேம் விலை ஒன்று போதும், இந்த மாதம் எழுதியதை அடுத்த மாதம் பொய்யாக்கிவிடும்.

ஏஐ கொடுக்கும் பட்டியலைக் கடையில் காட்டி அப்படியே வாங்கலாமா?

கூடாது. "பட்ஜெட் எடிட்டிங் பிசி சொல்லு" என்று மொட்டையாகக் கேட்டால் சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் பெரும்பாலும் கேமிங் பட்டியலைத்தான் கொஞ்சம் மாற்றித் தருகிறது. இணையத்தில் கொட்டிக் கிடப்பவை அந்தப் பட்டியல்கள்தான். உதாரணத்துக்கு இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

ரைசன் 5 7500எஃப் ப்ராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 24 இன்ச் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 7500எஃப் உட்காருவது ஏஎம்5 சாக்கெட்டில் (போர்டில் ப்ராசஸரை மாட்டும் இடம்), பி550 போர்டோ ஏஎம்4. ப்ராசஸர் போர்டில் இறங்கவே இறங்காது. பி550 டிடிஆர்4 ரேம் மட்டுமே ஏற்கும், பட்டியலில் இருப்பது டிடிஆர்5. பெயரின் கடைசியில் "எஃப்" இருந்தால் ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லை; கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் தெரியாது, வேலை நிற்கும். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜிபி, 6 ஜிபி என இரண்டு கார்டுகள் உண்டு. எது என்று பட்டியல் சொல்லவில்லை. 512 ஜிபியில் விண்டோஸ், அடோபி மென்பொருள், கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) எல்லாம் சேர்ந்து 150 ஜிபி வரை போனால், மீதியில் மூன்று கல்யாணம் தங்குவதே கஷ்டம். 165 ஹெர்ட்ஸ் நின்றுகொண்டிருக்கும் படத்துக்கு எதற்கு? அந்தக் காசு நிறத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அப்படியென்றால் ஏஐயிடம் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் வேலையை எண்ணிக்கையில் சொல்லுங்கள். கீழே இருப்பதை உங்கள் எண்களை மாற்றிப் பயன்படுத்தலாம் (அதில் வரும் டீநாய்ஸ் என்பது படத்திலுள்ள புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் வசதி):

"நான் கல்யாண போட்டோ எடிட் செய்கிறேன். 24 மெகாபிக்சல் ரா. ஒரு நிகழ்ச்சிக்கு 3,000 படம், அதில் 600 எடிட், 150 படத்துக்கு லைட்ரூம் ஏஐ டீநாய்ஸ். 12×36 இன்ச் ஆல்பம் ஷீட் போட்டோஷாப்பில் செய்கிறேன். கேம் கிடையாது, வீடியோ கிடையாது. மானிட்டர் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும். கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயர், சாக்கெட், ரேம் வகை, அதிகபட்ச வாட், ஏன் இது என்று ஒரு வரி சொல். விலை சொல்லாதே, நான் கடையில் கேட்டு எழுதுகிறேன். உறுதி இல்லாத இடத்தில் உறுதி இல்லை என்று சொல்."

விலை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏஐ கற்றது பழைய பக்கங்களிலிருந்து. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அதற்கு முந்தைய விலையை வைத்துப் போட்ட பட்ஜெட் கடை வாசலிலேயே உடைந்துவிடும். இணையத்தில் தேடிச் சொல்லும் வசதி இருந்தாலும், அது எடுத்துத் தரும் விலை ஸ்டாக் இல்லாத பக்கத்தில் இருந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று. "பி550 போட்டாலும் ஓடும்தானே?" என்று ஒரு பக்கம் சாய்த்துக் கேட்காதீர்கள். ஏஐ உங்கள் விருப்பத்துக்குத் தலையாட்டும் பழக்கம் கொண்டது. "இந்த ப்ராசஸருக்கு எந்தெந்த சிப்செட் போர்டுகள் பொருந்தும்?" என்று பொதுவாகக் கேளுங்கள் (சிப்செட் என்பது பி550, பி650 போன்ற போர்டு வகை). பட்டியல் முடிந்ததும் புதிய சாட் திறந்து அதை ஒட்டி, "ஒரு கடைக்காரர் கொடுத்த பட்டியல் இது. இதில் பொருந்தாதது, தேவையில்லாதது, விடுபட்டது எது?" என்று கேட்டால், முதல் சாட்டில் சொல்லாத குறைகளில் பல அங்கே வரக்கூடும்.

அதற்குப் பிறகும் நாமே சரிபார்க்க வேண்டியது என்ன?

நான்கு விஷயங்கள், நான்குமே தயாரிப்பாளரின் சொந்தப் பக்கத்தில் இருக்கும். மதர்போர்டின் ப்ராசஸர் சப்போர்ட் பட்டியல், அதில் எந்த பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பிலிருந்து ஓடும் என்பதும் சேர்த்து. பழைய ஸ்டாக் பி650 போர்டில் ரைசன் 9000 வரிசை ப்ராசஸரை மாட்டினால், பயாஸ் புதுப்பிக்கும்வரை திரை வராது. அடுத்து அதே போர்டின் ரேம் பட்டியல். மூன்றாவது, கேபினெட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் நீளக் கார்டு, எவ்வளவு உயரக் கூலர் போகும் என்பது. நான்காவது, எம்.2 ஸ்லாட்டில் (என்விஎம்இ மாட்டும் இடம்) எஸ்எஸ்டி போட்டால் ஏதாவது சாட்டா போர்ட் (ஹார்ட் டிஸ்க் கேபிள் மாட்டும் இடம்) அணைந்துவிடுமா என்பது; சில போர்டுகளில் அணையும், ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று ஒரு நாள் முழுக்கத் தேட வைக்கும்.

அந்த ஸ்பெக் பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஏஐயிடம் ஒட்டிக் கேட்டால் பதில் தரமாக வருகிறது. நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் மாடல் எண்களைக் குழப்பும். கண்முன் வைத்த பக்கத்தைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகப் படிக்கும்.

100 ரூபாய் இருந்தால் எதற்கு எவ்வளவு?

மானிட்டர் 20, கிராபிக்ஸ் கார்டு 25, ப்ராசஸர் 15, ரேம் 15, மதர்போர்டு 10, எஸ்எஸ்டி 8, எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் சேர்த்து 7. பேக்கப் ஹார்ட் டிஸ்க், யுபிஎஸ் இதில் இல்லை.

ஏஐ டீநாய்ஸ் பயன்படுத்தாதவர் கிராபிக்ஸ் கார்டை முதல் கட்டத்தில் தள்ளிப்போடலாம். மானிட்டரைத் தள்ளிப்போடக் கூடாது. தவறான நிறத்தில் 600 படம் எடிட் செய்துவிட்டால் எந்த ப்ராசஸரும் அதைத் திருத்தித் தராது.

எந்த ப்ராசஸர்?

6 கோர் (கணக்குப் போடும் அலகு), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் பார்க்கும் வேலை) போதும். ரைசன் 5 7600 நல்ல தேர்வு: ஏஎம்5 சாக்கெட், 65 வாட், உள்ளே சின்ன கிராபிக்ஸ் உண்டு, டப்பாவிலேயே கூலரும் வரும். இன்டெல் பக்கம் கோர் ஐ5 12400. அது உட்காரும் எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 வகையும் உண்டு, டிடிஆர்5 வகையும் உண்டு. கையில் ஏற்கெனவே நல்ல டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்கு இன்றைய ரேம் விலையில் 12400 பெரிய லாபம். போர்டு வாங்கும்போது பெயரில் "டி4" இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே பெயர்ப் போர்டு இரண்டு வகையிலும் விற்கப்படுகிறது.

ஐ7, ஐ9, ரைசன் 9 எல்லாம் இந்த வேலைக்கு வேண்டாம். எக்ஸ்போர்ட் கொஞ்சம் வேகமாகும், அவ்வளவுதான். ஸ்லைடரை நகர்த்தும்போது படம் உடனே மாறுகிறதா என்பது ஒரு கோரின் வேகத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் பொறுத்தது.

ரேம் 16 போதுமா, 32 வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 16 பிட்டில் போட்டோஷாப்பில் திறந்தால் 2.4 கோடி பிக்சல் × 3 வண்ணம் × 2 பைட். ஒரு முழு லேயர் 144 எம்பி. ஸ்கின் ரீடச் செய்ய ஐந்தாறு லேயர் போட்டால் ஒரு படம் 800 எம்பியைத் தாண்டும். 12×36 ஆல்பம் ஷீட் 300 டிபிஐயில் 10,800 × 3,600 பிக்சல். 8 பிட்டிலேயே ஒரு முழு லேயர் 117 எம்பி. பின்னணி, டெக்ஸ்ச்சர், ஆறேழு படங்கள், நிழல் என்று பிஎஸ்டி (போட்டோஷாப் கோப்பு) டெம்ப்ளேட்டை நிரப்பினால் ஒரு ஷீட் ஒன்றரை ஜிபி தொடுவது சாதாரணம். ஹிஸ்டரி வேறு அதன்மேல் ஏறும். பக்கத்தில் லைட்ரூமும், பாட்டு ஓடும் பிரவுசரும் திறந்திருக்கும். எனவே ஆல்பம் செய்பவருக்கு 32 ஜிபி. வெறும் கலர் கரெக்ஷன் செய்து ஜேபெக் கொடுப்பவருக்கு 16 ஜிபியில் ஓடும்.

32 வாங்குவதென்றால் 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக, ஒரே பேக்கில் வாங்குங்கள். ஏஎம்5 போர்டில் நான்கு ஸ்டிக் போட்டால் ரேம் வேகம் குறைந்துவிடும். இப்போது காசு பத்தவில்லை, ஆனால் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது என்றால் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றை மட்டும் வாங்கி, பிறகு அதே மாடலை இன்னொன்று சேர்ப்பது 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குவதைவிட நல்லது. 8 ஜிபி ஸ்டிக்குகள் பிறகு வீணாகும். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் உள் கிராபிக்ஸிலேயே ஓட்டுபவருக்கு மட்டும் இது பொருந்தாது. உள் கிராபிக்ஸ் ரேமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால் ஒரு ஸ்டிக்கில் தவித்துப்போகும்.

கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே வேண்டுமா? எது?

ஏஐ டீநாய்ஸ் செய்கிறீர்களா இல்லையா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த முகூர்த்தப் படங்களுக்கு இன்று எல்லோரும் அதைப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு முழுக்க கிராபிக்ஸ் கார்டில் நடக்கிறது. என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் உள்ள டென்சர் கோர்கள் இதற்கென்றே அமைந்தவை. சுமாரான ஆர்டிஎக்ஸ் கார்டில் ஒரு படத்துக்கு 15 விநாடி என்று வைத்தால் 150 படம் 40 நிமிடத்துக்குள் முடியும். உள் கிராபிக்ஸில் ஒரு படத்துக்கு 5 நிமிடம் ஆனால் 150 படம் பன்னிரண்டரை மணி நேரம். ஆல்பம் டெலிவரி நெருங்கும்போது இந்த வித்தியாசம் கார்டுக்குப் போட்ட காசைவிடப் பெரியது.

விராம் (கார்டின் சொந்த நினைவகம்) 8 ஜிபி இருக்கட்டும். புதிதாக வாங்கினால் ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி அல்லது ஸ்டாக் இருக்கும்வரை 4060 8 ஜிபி. பழையதில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி இன்னும் நல்ல சரக்கு. இங்கே பெயரில் பள்ளங்கள் உண்டு. 3060க்கு 8 ஜிபி வகையும் இருக்கிறது. நினைவகம் மட்டும் குறைந்ததல்ல, பஸ் (தகவல் போகும் பாதை) அகலமும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்தது. 3050 8 ஜிபி 130 வாட் கார்டு, 3050 6 ஜிபி 70 வாட் கார்டு. பெயர் ஒன்றென்றாலும் இரண்டும் வேறு. ஏஐ இவற்றை ஒன்றாகவே பேசும். பில்லில் ஜிபி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளை "எடிட்டிங்குக்குக் கார்டு போட்டாச்சு" என்று மாட்டித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. 7600இன் உள் கிராபிக்ஸ் இருக்கும்போது அந்தக் கார்டு இந்த வேலைக்கு எந்த உதவியும் செய்யாது.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி விலைக்கு நல்ல கார்டுதான், ஆனால் போர்டில் ரீசைசபிள் பார் (கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இயங்க வேண்டும். பழைய கணினியில் சேர்க்க அது வேண்டாம்.

எஸ்எஸ்டி எவ்வளவு? ஹார்ட் டிஸ்க் இன்னும் தேவையா?

24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் 3,000 படம் 90 ஜிபி. கையில் ஒரே நேரத்தில் நான்கு நிகழ்ச்சி ஓடினால் 360 ஜிபி. எனவே 1 டிபி என்விஎம்இ குறைந்தபட்சம். என்விஎம்இயில் ஜென்3, ஜென்4 தலைமுறை வேறுபாடு லைட்ரூமில் கண்ணுக்குத் தெரியாது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி, ஜென்3 என்விஎம்இ 3,500 எம்பி, ஆனால் ராவைத் திறப்பதில் நேரம் எடுப்பது டிகோட் செய்யும் ப்ராசஸர்தான். அதனால் வேகத்துக்காக அதிகக் காசு கொடுக்காமல் டிஎல்சி வகை ஃபிளாஷ் கேட்டு வாங்குங்கள். க்யூஎல்சி வகையில் பெரிய மெமரி கார்டிலிருந்து 90 ஜிபி ஒரே மூச்சாக நகலெடுக்கும்போது அதன் வேகக் கேஷ் நிரம்பியதும் எழுதும் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழக்கூடும். எஸ்எஸ்டியை முழுக்க நிரப்பவும் கூடாது. 15 முதல் 20 சதவீதம் காலியாக விடுங்கள்.

முடித்த வேலைகளைத் தள்ளி வைக்க ஹார்ட் டிஸ்க் வேண்டும், அதுவும் இரண்டு. ஒன்று கணினிக்குள், இன்னொன்று வெளியே, வேறு இடத்தில். வாங்கும்போது சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் பேக்கப் எழுதும் நடுவில் வேகம் படுத்துவிடும்.

மானிட்டரில் என்ன பார்க்க வேண்டும்?

ஐபிஎஸ் பேனல் (திரையின் வகை), எஸ்ஆர்ஜிபி (பொதுவாகப் பயன்படும் நிற வரம்பு) 99 அல்லது 100 சதவீதம், 24 இன்ச் முழு ஹெச்டி அல்லது முடிந்தால் 27 இன்ச் 1440பி. 27 இன்ச்சில் முழு ஹெச்டி வேண்டாம்; ஷார்ப்னெஸ் சரியா என்று முடிவெடுக்க முடியாது, பிக்சல் பெரிதாகத் தெரியும். விஏ பேனலில் தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே நிழல் பகுதி மாறும், கறுப்புக் கோட்டின் மடிப்பு தெரிகிறதா இல்லையா என்று குழம்புவீர்கள்.

ஸ்பெக்கில் என்டிஎஸ்சி (பழைய டிவி நிற வரம்பு) என்று எழுதியிருந்தால்: 72 சதவீதம் என்பது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. 45 சதவீதம் என்பது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு அதில் வராது. மறுபக்கம், டிசிஐ-பி3 (சினிமா நிற வரம்பு) 95 சதவீதம் என்ற வைட் கேமட் (அகன்ற நிற வரம்பு) மானிட்டரை அப்படியே பயன்படுத்தினால் தோல் நிறம் செக்கச் செவேலென்று தெரியும். நீங்கள் அதைக் குறைப்பீர்கள், பிரிண்ட் வெளிறி வரும். மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கேலிப்ரேட் செய்யுங்கள் (கருவி வைத்து நிறத்தை அளந்து சரிசெய்வது). பிரிண்ட் போடும் லேப்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கின்றன, அதனால் அடோபி ஆர்ஜிபி மானிட்டருக்குக் காசு போடத் தேவையில்லை. ஹெச்டிஆர் ஸ்டிக்கரைக் கண்டுகொள்ளாதீர்கள்.

பிரிண்ட் எப்போதும் இருட்டாக வருகிறது. லேப்பின் தவறா?

பெரும்பாலும் மானிட்டர் வெளிச்சம். பல மானிட்டர்கள் 250 நிட்ஸ் (வெளிச்சத்தின் அலகு), அதற்கு மேல் வெளிச்சத்தில் வருகின்றன. பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும், வெள்ளை நிறத்துக்கு 6500 கெல்வின், இருட்டு-வெளிச்சப் படிகளுக்குக் காமா 2.2. கேலிப்ரேட்டர் கருவி நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம், மாதம் ஒரு முறைதான் தேவை. அதுவரைக்கும், மேசை விளக்கின் கீழே வெள்ளை ஏ4 தாளை மானிட்டர் பக்கத்தில் பிடித்து, திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னெஸைக் குறையுங்கள். பின்னர் ஒரே படத்தை லேப்பில் 6×8 அடித்து அதே விளக்கில் ஒப்பிடுங்கள்.

திரையில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஹெச்டிஎம்ஐ வெளியீடு "லிமிடெட்" ஆக இருக்கலாம்; "ஃபுல்" ஆக்குங்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இந்தத் தொல்லை குறைவு.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் எவ்வளவு?

7600 அதிகபட்சம் 88 வாட், 5060 கார்டு 145, மற்றவை 60, மொத்தம் 300க்குள். 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் போதும். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது, தரத்தைச் சொல்வதில்லை. ஐந்து வருட வாரண்டி தரும் மாடலாகப் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸைப் போடவே போடாதீர்கள்.

யுபிஎஸ்ஸில் விஏ (வோல்ட்-ஆம்பியர்) வேறு, வாட் வேறு. 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான். டீநாய்ஸ் ஓடும்போது கரண்ட் போனால் மானிட்டரோடு சேர்த்து அது திணறும். 1000 விஏ, 600 வாட் எடுங்கள். கேடலாக் (எடிட்களை எல்லாம் பதிந்து வைக்கும் கோப்பு) எழுதும் நடுவில் கணினி அணைந்தால் லைட்ரூம் கேடலாக் கெட்டுப்போகலாம். அதனால் யுபிஎஸ் வசதிக்காக வாங்கும் பொருள் இல்லை, வேலைக்கான காப்பு. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் அதில் இந்தக் கணினியை ஓட்ட வேண்டாம். எர்த் சரியாக இல்லாத பிளக் பாயின்ட்டில் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ப்ராசஸர் வாங்கலாம், அது எளிதில் கெடுவதில்லை. ரேம் வாங்கலாம், மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்து. கிராபிக்ஸ் கார்டைக் கண்முன்னே 20 நிமிடம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டினால், ஃபேன் உறுமினால், ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் மூன்றும் பழையது வேண்டாம்.

ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ஆபீஸ் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்த ப்ராசஸர்கள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் தரும் கேபிளும் அவற்றின் எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் இருக்காது. மலிவு முதல் நாளோடு முடிந்துவிடும்.

நாமே அசெம்பிள் செய்தால் எங்கே தவறு நடக்கும்?

ஏஎம்5இல் ஊசிகள் ப்ராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. சாக்கெட்டின் மேல் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கையால் பிடுங்காதீர்கள். ப்ராசஸரை முக்கோணக் குறி பார்த்து வைத்து, லீவரை அழுத்தி மூடினால் அது தானே தெறித்து வரும். அதைப் பத்திரமாக வையுங்கள், வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி வேண்டும்.

ரேம் இரண்டு ஸ்டிக் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட். கூலரோடு வரும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும், விரல் படக் கூடாது. தனிக் கூலர் வாங்கினால் அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. ப்ராசஸர் பயாஸிலேயே 90 டிகிரி காட்டும். எம்.2 ஹீட்சிங்க் அடியிலும் அதே மாதிரித் தாள் இருக்கும்.

ப்ராசஸருக்கான 8 பின் கேபிளும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கேபிளும் ஒன்றல்ல. கேபிளில் எழுதியிருப்பதைப் படித்து மாட்டுங்கள், போகாததை அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை அதில் மாட்டவே கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும், எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் புகைந்துவிடும்.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியாக மூடியிருக்காமல் மெஷ்ஷாக இருக்கட்டும். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. ஏசி இல்லாத அறை மே மாதத்தில் 38 டிகிரிக்குப் போகும் ஊர்களில் இது அலங்காரமல்ல.

முதல் முறை ஆன் செய்தேன், திரை வரவில்லை.

முதலில் பொறுமை. டிடிஆர்5 போர்டுகள் முதல் முறை ரேமைப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுக்கும், திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பத்து நிமிடம் காத்திருந்தும் வராவிட்டால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ப்ராசஸர் 8 பின் கேபிள். அடுத்து ஒரே ஒரு ரேம் ஸ்டிக்கை 2ஆம் ஸ்லாட்டில் மட்டும் வைத்து முயலுங்கள். போர்டில் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள் இருந்தால் எது எரிந்து நிற்கிறது என்று படம் எடுத்து, போர்டு மாடலையும் சொல்லி ஏஐயிடம் கேட்கலாம். இப்படிப்பட்ட தேடலில் ஏஐ உண்மையிலேயே நல்ல துணை.

திரை வந்ததும் பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி. இல்லையென்றால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும்.

லைட்ரூமில் மாற்ற வேண்டிய அமைப்புகள்?

கேடலாக்கும் நடப்பு வேலையின் ரா கோப்புகளும் என்விஎம்இயில் இருக்கட்டும். கேமரா ரா கேஷை 20 ஜிபிக்கு மேல் ஏற்றுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கிராபிக்ஸ் ப்ராசஸரை "கஸ்டம்" ஆக்கி எக்ஸ்போர்ட்டுக்கும் அதையே தேர்ந்தெடுங்கள். என்விடியா டிரைவரில் "ஸ்டுடியோ" வகையை நிறுவுங்கள். டீநாய்ஸ் பாதியில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய டிரைவர். படம் தேர்வு செய்யும்போது 3,000 படத்துக்கும் 1:1 ப்ரிவியூ (முழு அளவு முன்னோட்டம்) உருவாக்க வேண்டாம். கேமராவே உள்ளே வைத்திருக்கும் ப்ரிவியூவில் தேர்வு முடித்து, பிடித்த 600க்கு மட்டும் உருவாக்குங்கள். இதில் மிச்சமாகும் நேரம் ப்ராசஸரை ஒரு படி ஏற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம்.

போட்டோஷாப்பில் நினைவகப் பயன்பாடு 70 சதவீதம் என்று இருக்கும், அப்படியே இருக்கட்டும். ஸ்கிராட்ச் டிஸ்க் (ரேம் நிரம்பினால் போட்டோஷாப் பயன்படுத்தும் இடம்) என்விஎம்இயில், குறைந்தது 100 ஜிபி காலி.

அடோபி சந்தா கட்ட முடியாது என்றால்?

ரா எடிட் செய்யும் டார்க்டேபிள் இலவசம், கிராபிக்ஸ் கார்டை ஓபன்சிஎல் வழியாகப் பயன்படுத்தும். அதே வேலை செய்யும் ராதெரபி ப்ராசஸரை மட்டுமே நம்பியது, அதை மட்டும் பயன்படுத்துபவர் கார்டுக் காசை மானிட்டருக்குத் திருப்பலாம். லேயர் வேலைக்குக் கிம்ப் 3 உண்டு. ஆனால் சந்தையில் விற்கும் ஆல்பம் பிஎஸ்டி டெம்ப்ளேட்டுகள் எல்லாம் அதில் ஒழுங்காகத் திறக்கும் என்று நம்பி இறங்காதீர்கள், இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கிராக் செய்த அடோபி வேண்டாம். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் யாரோ திறந்துவிட்ட ஓட்டையை நீங்களே நிறுவுவதாகும் அது.

பில் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

ஒவ்வொரு பாகத்துக்கும் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பில்லில் வர வேண்டும். "அசெம்பிள்டு கம்ப்யூட்டர் – 1" என்ற ஒரே வரிப் பில்லை வைத்துக்கொண்டு கிராபிக்ஸ் கார்டு வாரண்டி கேட்கப் போனால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பலாம். பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஸ்டுடியோ ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால் எண்ணைக் கொடுத்து பில் வாங்குங்கள், உள்ளீட்டு வரிக் கழிவாக எடுக்கலாம். டப்பாக்களை வாரண்டி முடியும்வரை பரணில் வையுங்கள். கடையை விட்டு இறங்கும் முன் பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் பொருளின் மேல் ஒட்டியிருப்பதையும் ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே ஃப்ரேமில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.